நாலாவது இலை

"நாலாவது இலையை வெட்டிடுங்கம்மா," என்றார் தலைமைப் பொறியாளர்.

"முடியாது சார்," என்றார் வளைவம்மா. சாலை வளைவுகளை வரைபவர். அதனால் அலுவலகத்தில் அவருக்கு அந்தப் பெயர்.

இரண்டு நெடுஞ்சாலைகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கடக்கும் இடம் அது. சிக்னலில் யாரும் காத்திருக்காமல் திரும்பிப் போக, மூலைக்கொன்றாக நான்கு சுற்றுச்சாலைகள். மேலிருந்து பார்த்தால் நான்கு இலைகள். ஆகவே 'நாலிலைச் சந்திப்பு' என்று அவரே பெயர் வைத்தார். இதுவரை அவர் வரைந்த பாலங்களுக்கெல்லாம் ரிப்பன் வெட்ட வந்தவர்களின் மாமனார் பெயர்தான் வாய்த்தது. இந்தச் சந்திப்பாவது, தான் வைத்த பெயரோடு நிற்க வேண்டும்.

ஆனால் நான்காவது மூலையில் குடிநீர்த் தொட்டி. இடிக்க அனுமதி கிடைக்கவில்லை.

"மூணு இலைன்னு பேரை மாத்திட்டா வேலை முடிஞ்சுது."

"பலகை எழுதி, நட்டு, சாக்குப் போர்த்தியாச்சு சார். பலகை நாலுன்னு சொன்னா ரோடும் நாலுன்னுதான் சொல்லணும்!"

தொட்டியை ஒட்டி இலையைச் சுருக்கினார். அதில் லாரி திரும்ப இடம் போதவில்லை. லாரிக்குத் தனி வழி போட்டார். அது மூன்றாவது இலையைக் குறுக்கே வெட்டியது. வெட்டிய இடத்தில் ஒரு பாலம் போட்டார். பாலத்தின் தூண் இரண்டாவது இலையின் நட்டநடுவில் இறங்கியது.

"இது இலையா, நூடுல்ஸா மேடம்?" என்று தலையைச் சொறிந்தார் மேஸ்திரி.

"இலைதான்யா. காத்துல கொஞ்சம் ஆடுது. நீ கட்டு!"

வீட்டில் கணவர் மெல்ல ஆரம்பித்தார். "ஒரு பேரை மாத்தினா என்ன குறைஞ்சு போச்சு?"

"கல்யாணத்துக்கப்புறம் என் பேரையே மாத்தாதவ நான். மறந்துபோச்சா?"

அவர் செய்தித்தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

திறப்பு விழா நாள். வலப்பக்கம் திரும்பக் கிளம்பிய தலைமைப் பொறியாளரின் கார், எல்லா இலைகளையும் வலம் வந்து, தூணுக்கு வழிவிட்டு, புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது. அவர் தள்ளாடியபடி இறங்கினார்.

"எண்ணிட்டீங்களா சார்?" வளைவம்மா நிமிர்ந்து நின்றார். "நாலு!"

கூட்டம் கைதட்டியது. சாக்கை உருவக் கயிற்றைப் பிடித்த பலகை எழுதுபவர், வளைவம்மா பக்கம் குனிந்து தயங்கினார்.

"கோவிச்சுக்காதீங்க மேடம், பலகை சின்னதா வந்துடுச்சு... அன்னைக்கே நாலிலையை விட்டுட்டு, வெறும் 'சந்திப்பு'ன்னு மட்டும்தான் எழுதினேன்."