எடுக்காமல் வைத்திருந்த குற்றம்

குடும்ப நலத் துறையின் கோட்பாட்டின்படி, லூப் என்னும் கருத்தடைச் சாதனம் பெண்ணின் கருப்பைக்குள் போய்ச் சேர்ந்த நிமிடத்திலேயே தன் கடமையை முடித்துவிடுகிறது. பதிவேட்டில் ஓர் எண் ஏறியாயிற்று. அதன்பின் அது உள்ளே இருக்கிறதா, வெளியே வந்துவிட்டதா என்பது அந்தப் பெண்ணுக்கும் அவள் உடம்புக்கும் இடையேயான சொந்த விவகாரம். அதில் அரசாங்கம் மூக்கை நுழைப்பது நாகரிகமாகாது.

இந்த நாகரிகம் தெரியாதவள் சந்திரவல்லி. 1981-இல் குரங்கணிப் பாதையிலிருந்த ஒரு துணை சுகாதார நிலையத்தில் அவள் நர்ஸ். ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் மலையேறும் பெண்கள்தான் அவளிடம் வருகிறவர்கள். லூப் போடுவதற்கு முன்பு ஒவ்வொருத்தியையும் உட்காரவைத்து, யாரும் கேட்காத உண்மைகளையெல்லாம் சொல்லிவிடுவாள்.

"மொத ரெண்டு மூணு மாசம் தீட்டு அதிகமாப் போகும். இடுப்பு கடுக்கும். பயந்துபோய் பக்கத்து வீட்டுக்காரிகிட்டக் கேக்காத, எங்கிட்ட வா. அப்பவும் பிடிக்கலேன்னா நானே எடுத்துவிடுறேன். எதுக்குன்னுகூடக் கேக்க மாட்டேன்."

கேட்டால் எடுத்துவிடுவாள் என்ற தைரியத்திலேயே நாற்பத்தொரு பேர் நான்கு வருஷமாக எடுக்காமல் வைத்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி மருதாயி. மூன்றாவது பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் சாவின் வாசல்வரை போய்த் திரும்பியவள். நாலாவது ஒன்று வந்தால் திரும்பமாட்டாள் என்பது அவளுக்கும் தெரியும், சந்திரவல்லிக்கும் தெரியும்.

மேலாபீசுக்கு மட்டும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளும் படிவம் இன்னும் அச்சாகவில்லை.

ஆய்வுக் கூட்டத்தில் அதிகாரி கன்னையன் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"இலக்கு நாப்பது. நீங்க போட்டது எத்தனை?"

"மூணு, சார். போட்டுக்க வேண்டியவங்க எல்லாரும் முன்னாடியே போட்டுட்டாங்க. இன்னும் எடுக்கலை."

"ஏன் எடுக்கலை?"

சந்திரவல்லிக்குக் கேள்வி விளங்கவில்லை. கன்னையன் பொறுமையாக விளக்கினார். "பக்கத்து நிலையத்து நர்ஸ் சுந்தரம்மாளைப் பாருங்க. அந்த ஊர்ல மொத்தமே முப்பது பொம்பளைங்க. தொண்ணூறு லூப் போட்டிருக்காங்க. போடுறாங்க, ஒரு மாசத்துல ரத்தம் போகுதுன்னு அலறிக்கிட்டு வர்றாங்க, எடுக்கிறாங்க, மறுபடி போடுறாங்க. எங்க மாமனாருக்குப் போடிமெட்டுக்கு மேல ஏலத்தோட்டம் இருக்கு. ஒரே செடியில வருஷத்துக்கு அஞ்சாறு எடுப்பு. ஒரு தடவை காய் எடுத்ததும் செடியைக் கும்பிட்டுட்டு வந்துர்றாங்களா?"

"காயைத்தான் சார் எடுக்கிறாங்க. செடியைப் பிடுங்கிப் பிடுங்கி நடலையே."

'எதிர்வாதம் புரியும் மனப்பான்மை உடையவர்' என்று கன்னையன் கோப்பில் குறித்துக்கொண்டார். மூன்றாம் நாள் மெமோ வந்தது: "தங்கள் எல்லைக்குட்பட்ட பெண்கள் லூப்பைத் தொடர்ந்து வைத்திருப்பதற்கான காரணத்தை ஏழு தினங்களுக்குள் எழுத்து மூலம் விளக்கவும். மார்ச் முடிவதற்குள் இலக்கை எட்டத் தவறினால் தாங்கள் இடமாற்றம் செய்யப்படுவீர்கள்."

செய்தி ஊருக்குள் பரவ, மருதாயியும் அவளோடு தோட்ட வேலைக்குப் போகும் மொக்கம்மாளும் வந்து நின்றார்கள்.

"இம்புட்டுதான சோலி?" என்றாள் மொக்கம்மாள். "எங்க எல்லாருக்கும் எடுத்துட்டு மறுபடியும் போட்டுவிடுங்க நர்சம்மா. கணக்கும் தீரும், நீங்களும் இங்கனயே இருப்பீக."

"நல்லா இருக்கிறத எதுக்குடி பிடுங்கணும்? உள்ள புண்ணு வச்சா யாரு பாக்கிறது?"

"நீங்க போயிட்டா மட்டும் யாரு பாப்பா?" என்றாள் மருதாயி.

சந்திரவல்லி இருவரையும் வேலைக்கு அனுப்பிவைத்தாள். மெமோவுக்குப் பதிலாக 'உண்மையைச் சொன்னேன்' என்று ஒரே வரி எழுதி அனுப்பினாள். கடமை நேரத்தில் உண்மை சொன்னதை எழுத்து மூலம் ஒப்புக்கொண்ட முதல் ஊழியர் என்ற வகையில், தேவாரம் என்ற ஊருக்கு அவள் தூக்கியடிக்கப்பட்டாள்.

அவள் இடத்துக்குச் சாதனையாளர் சுந்தரம்மாள் வந்தாள். வந்த முதல் வாரமே பெண்களைக் கூட்டினாள்.

"இதெல்லாம் பழைய மாடல், ஆத்தா. செம்புக்கம்பி சுத்துனது புதுசா வந்திருக்கு. மெட்ராசுல டாக்டர் பொண்டாட்டிமாரெல்லாம் இப்ப அதுதான் வச்சிருக்காக. வெரசா வாங்க, மாத்திவிடுறேன்."

மருதாயிதான் முதலில் போனாள். நர்ஸ் சொன்னால் உண்மையாகத்தான் இருக்கும் என்று அவளைப் பழக்கியிருந்தவள் சந்திரவல்லி.

நாற்பத்தொன்றும் ஒரே வாரத்தில் எடுக்கப்பட்டன. எடுத்த அன்றே, புதியது போட்டதாகப் பதிவேட்டில் எண்களும் ஏறின. செம்புக்கம்பி ஏறிய லாரி மட்டும் வந்துசேரவில்லை. அது ஜூலையில் வந்தபோது பதினாறு பேருக்கு அது தேவைப்படவில்லை. அவர்களுக்கு நாள் தள்ளிப்போயிருந்தது.

இலக்கை விஞ்சிய நிலையத்துக்கு அந்த டிசம்பரில் பாராட்டு விழா. எல்லா நர்சுகளும் கட்டாயம் வரவேண்டும் என்று உத்தரவு. சந்திரவல்லி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சுந்தரம்மாளுக்குக் கேடயமும் கன்னையனுக்குப் பதவி உயர்வும் வழங்கப்பட்டன. 'பயன்பெற்றோர் உரை' என்ற நிகழ்ச்சிக்கு, பதிவேட்டில் முதல் எண்ணாக இருந்தவளை மேடையேற்றினார்கள். மருதாயி வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஏறினாள். எட்டாவது மாதம்.

"சொல்லும்மா," என்று கன்னையன் மைக்கை நீட்டினார். "இந்தத் திட்டத்தால உனக்கு என்ன நன்மை?"

மருதாயி யோசித்தாள். "முன்னயெல்லாம் ஜீப்புல நின்னுக்கிட்டேதான் மலைக்குப் போவேன், சார். இப்ப வயித்தப் பாத்துட்டு ஒக்கார எடம் விடுறாக."

கன்னையன் மைக்கை வாங்கிக்கொண்டார். "பார்த்தீர்களா! சமூகத்தில் பெண்களின் மதிப்பு எவ்வளவு உயர்ந்துவிட்டது!"

கைதட்டல் மண்டபத்தை அதிரவைத்தது. அது ஓய்ந்தபின், மருதாயி பக்கவாட்டுப் படியில் ஒவ்வொன்றாக இறங்கி, கடைசி வரிசைக்கு வந்து, சந்திரவல்லியின் பக்கத்தில் மூச்சுவாங்க உட்கார்ந்தாள்.

"மேல நின்னு பாத்தேன்," என்றாள். "நீங்களும் தட்டுனீகளே, நர்சம்மா."