நடுங்காத கத்தரி

அந்த முடிதிருத்துநரை ‘அளவுகோல்’ என்றால்தான் எவருக்கும் தெரியும். வாடிக்கையாளர் சொன்ன அளவுக்கு மேல் ஓரிழையும் வெட்டாதவர். வெட்டி முடித்தபின் ஓரடி பின்வாங்கி, தலையைச் சாய்த்துப் பார்த்து, தமக்குத் தாமே தலையாட்டிக்கொள்வது அவர் வழக்கம்.

அவருடைய வலக்கை நடுங்கத் தொடங்கியது முதல் கடையும் ஆட்டங்கண்டது. சவரக்கத்தியுடன் அவர் நெருங்குகையில், நாற்காலியில் இருப்போர் கண்ணை மூடிப் பெண்டு பிள்ளைகளை நினைத்துக்கொண்டனர்.

மூளையில் டோபமின் என்னும் பொருள் குறைந்துவிட்டதென்றும், அதன் வேலையைச் செய்ய மாத்திரை உண்டென்றும் மருத்துவர் விளக்கினார். மாத்திரை உள்ளே போகப் போக நடுக்கம் நின்றது. கத்தரிதான் நிற்கவில்லை.

இடப்பக்கம் சற்று நீளமாகத் தெரியும், வெட்டுவார். உடனே வலப்பக்கம் நீண்டுவிடும். ஓரம் மட்டும் ஒதுக்க வந்த வங்கி மேலாளர் மொட்டையாக எழுந்து போனார்.

மனைவி தன் தம்பியைக் கடையில் காவல் வைத்தாள். "போதும் அத்தான்" என்று உரிய தருணத்தில் சொல்வதே அவன் வேலை. ஆள் வராத ஒரு பிற்பகலில் அவன் கண்ணயர்ந்தான். விழித்தபோது தன் மீசையைக் காணோம். ஒரு பக்கப் புருவமும் இல்லை.

"நான் கிளம்புறேன்க்கா. இன்னொரு புருவமாச்சும் மிஞ்சட்டும்."

அது மாத்திரையின் பக்கவிளைவு என்று சொல்லி, மருத்துவர் அதே இனத்தில் வேறொரு மாத்திரை கொடுத்தார். வெட்டும் வெறி தணிந்தது. ஆனால் கத்தரியை உயர்த்திப் பிடித்தவாறே, நின்ற நிலையில் உறங்கலானார். கண்ணாடியில் அக்காட்சியைக் கண்டவர்கள் போர்த்திய துணியோடு ஓடினார்கள். அளவுகோல் நாள் முழுதும் வெறும் நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கடையை இழுத்து மூடிவிடலாம் என்றாள் மனைவி.

அந்நிலையில்தான் ஒரு பெரியவர் வரத் தொடங்கினார். அவசரப்படுத்தமாட்டார், குறை சொல்லமாட்டார், அளவுகோல் தூங்கி விழித்தாலும் அப்படியே அமர்ந்திருப்பார். கடையில் மறுபடியும் கத்தரி ஓசை கேட்டது. அளவுகோல் சாப்பிட மறந்து உழைத்தார்.

சோறு கொண்டுவந்த மனைவி, பெருக்குவதற்காகத் துடைப்பத்தை எடுத்தவள், தரையைப் பார்த்து நின்றுவிட்டாள். ஒரு முடிகூட விழுந்திருக்கவில்லை.

"யாருக்குங்க வெட்டுறீங்க? நாற்காலியில ஆளே இல்லையே."

இல்லாத ஆள் கண்ணுக்குத் தெரிவதும் அம்மாத்திரையின் பக்கவிளைவே என்று மருத்துவர் வருந்தினார். அளவைக் குறைத்தால் அந்தப் பெரியவர் மறைந்துவிடுவார் என்று தேற்றினார்.

அளவுகோல் நடுங்காத தம் கையைப் பார்த்தார்.

"குறைக்க வேணாம் டாக்டர். அவரை நாளைக்கும் வரச் சொல்லியிருக்கேன்."