ஒரு நூல்கூட இறங்காத கட்டடம்

கணினித் திரையில் கட்டடம் ஒரு சாண் மண்ணுக்குள் இறங்கியிருந்தது. இறங்கியதுதான் இறங்கியது, நேராகவாவது இறங்கித் தொலைத்ததா? இடது பக்கமாகச் சாய்ந்து இறங்கியிருந்தது. தன் கணக்குதான் எங்கோ தப்பு என்று முடிவுகட்டினார் மாப்பிள்ளை.

அலுவலகம் மாமனாருடையது. மாப்பிள்ளைக்குப் பழைய வேலை போனதும், மகளின் முகத்துக்காக இங்கே சேர்த்துக்கொண்டவர். காலையில் வரைபடத்தையும் மண் பரிசோதனை அறிக்கையையும் மேஜைமேல் போட்டார். "கம்ப்யூட்டர்ல அஸ்திவாரத்துக்கு அடியில மண்ணுக்குப் பதிலா, மண்ணு மாதிரியே அமுங்குற ஸ்பிரிங் வச்சுக் கணக்குப் போடுங்க மாப்ள. சாயங்காலம் கட்டடத்துக்காரம்மா வராங்க. இதையும் சொதப்பினீங்கன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லிவிட்டுக் கிளம்பியவர்தான்.

"அப்பாவுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்களேன் அத்தான்," என்றாள் பக்கத்து மேஜையில் படம் வரைந்துகொண்டிருந்த மச்சினி.

"எதுக்கு? இதுகூடத் தெரியலையான்னு வீட்ல வந்து உங்கக்காகிட்ட ஒப்பிக்கவா?"

இடது பக்கம் இளகின மண் என்றுதான் அறிக்கையும் சொன்னது. சொன்னால் சொல்லட்டும் என்று இடது பக்க ஸ்பிரிங்குகளின் விறைப்பைக் கூட்டினார். கட்டடம் வலது பக்கம் சாய்ந்தது. அதையும் கூட்டினார். நடுவில் குழி விழுந்தது. பதற்றத்தில் எங்கோ ஒரு கழித்தல் குறியைத் தட்டிவிட, கட்டடம் விருட்டென்று ஆகாயத்துக்குக் கிளம்பியது.

"ஐயையோ அத்தான், பறக்குது!"

"கத்தாத! நானும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்!"

வாசலில் கார் வந்து நின்றது. மாப்பிள்ளை அவசர அவசரமாக எல்லா ஸ்பிரிங்கையும் பிடுங்கி எறிந்துவிட்டு, கட்டடத்தை அசையாத பாறைமேல் உட்கார வைத்தார்.

"அங்க ஏது அத்தான் பாறை?"

"ஷ்! வாயைத் திறக்காத தாயே!"

மனசாட்சி உறுத்தத்தான் செய்தது. வேலை போய்விட்டால் மனசாட்சியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மாமனார் உள்ளே வந்தார். பின்னாலேயே கட்டடத்துக்காரம்மாவும் வந்தார்.

"என்ன மாப்ள, கணக்கு என்ன சொல்லுது?"

"கவலையே வேண்டாம் மாமா! நூறு வருஷம் ஆனாலும் ஒரு நூல்கூட இறங்காது!"

மாமனார் திரையையும் மாப்பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார். மெச்சிக்கொள்கிறார்போல என்று நினைத்து மாப்பிள்ளை நெஞ்சை நிமிர்த்தினார். அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையை உற்றுப் பார்த்தார்.

"அது எப்படித் தம்பி? போன வருஷமே இடது பக்கம் ஒரு சாண் இறங்கிடுச்சே! ஏன் இறங்குச்சுன்னு கேக்கத்தானே வந்திருக்கேன்?"