ஆறடிக் கூரையும் அம்மாவின் கூடையும்

தங்களுக்குப் பொறாமையே கிடையாது என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்குப் பொறாமையாக இருக்கும். எனக்கு அது தாராளமாகவே உண்டு. அதில் பெரும்பங்கு ஸ்டெல்லாவுக்கு.

தாம்பரத்தில், ரயில் நிலையங்களுக்குக் கட்டடப் படம் வரைந்து கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் நாங்கள் இரண்டு பேர்தான் பெண்கள். எங்கள் குடும்பத்திலேயே முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். (எஸ்.எஸ்.எல்.சி. மார்க்கைக் கேட்காதவர்களிடமும் சொல்வேன்.) ஸ்டெல்லாவோ டீச்சர் மகள். அவள் வீட்டில் பூனைகூடப் படித்திருக்கும். அவள் இங்கிலீஷ் பேசினால் சார் பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்பார். நான் பேசினால், "தமிழ்லயே சொல்லும்மா" என்பார்.

ஒருநாள் சார் எங்கள் இருவருக்கும் ஒரே வேலையைக் கொடுத்தார். பக்கத்து ஸ்டேஷனில் டிக்கெட் ஜன்னலுக்கு முன்னால் ஜனங்கள் வரிசையில் நிற்க ஒரு பாதை. இரண்டு பக்கமும் கம்பி, மேலே கூரை. எந்தப் படம் தேறுகிறதோ, அதன் மூலையில் வரைந்தவர் பெயர் இருக்கும். அதுவரை எங்கள் பெயர் எந்தப் படத்திலும் வந்ததில்லை. அந்த மூலையை நினைத்து ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஸ்டெல்லா பென்சிலைத் தொடாமல் தினமும் பிளாட்பாரத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அங்க என்ன பண்றே?"

"பேசிட்டிருக்கேன். ஒரு மீன்கார அக்கா வர்றாங்க. அவ்ளோ தமாஷ்."

நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். ஐந்தடி உயரமுள்ள என்னையே அளந்து, பெருந்தன்மையாக ஓர் அடி சேர்த்து, ஆறடியில் கூரை போட்டேன். தாழ்வாக இருந்தால் சாரல் அடிக்காது அல்லவா? ஒவ்வொரு கோடும் தலைமுடி மாதிரி. சார் பார்த்துவிட்டு, "மொதல்ல இதை மூங்கிலும் கீத்தும் வெச்சுக் கட்டிப் பாப்போம்" என்றார். ஸ்டெல்லா கைதட்டினாள். (அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.)

ஒத்திகை பார்க்கப் பெரிய அதிகாரி வந்தார். வரிசையில் நடந்து காட்ட ஸ்டெல்லா ஆட்களை அழைத்து வந்தாள். முதலில் வந்தது அவளுடைய மீன்கார அக்கா. என் அம்மா.

அலுவலகத்தில் நான், "அம்மா வியாபாரம்" என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். (அவர்கள் ஜவுளி என்று நினைத்துக்கொண்டால் நானா பொறுப்பு?) அம்மா என்னைப் பார்த்துவிட்டாள். நான் அவசரமாகக் கூரையைப் பார்த்தேன். முகமெல்லாம் சிரிப்பாக, என்னையே பார்த்துக்கொண்டு, வேகமாக வந்தாள். தலையிலிருந்த கூடை கூரையில் இடித்தது. ஒரு கூடை மத்தி மீனும் அதிகாரியின் வெள்ளைப் பேண்ட்டின்மேல் சரிந்தது. (சட்டைப்பையில்கூட ஒன்று விழுந்ததாம். நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.)

"எந்த மகராசன்யா இந்தக் கூரையப் போட்டது?" என்றாள் அம்மா.

சார் என்னைக் காட்டினார்.

"நீயாடி? ஒங்கம்மா தலையில கூடை கீதுன்னு உனுக்குத் தெரியாதா? அத்தத் தூக்கித்தானேடி உன்னியப் படிக்க வெச்சேன்."

ஸ்டெல்லா குனிந்து மீன் பொறுக்க ஆரம்பித்தாள். "அக்கா, இவ உங்க பொண்ணா? இவ சொல்லவே இல்லையே."

"அவ எப்பிடிம்மா சொல்லுவா?" என்றாள் அம்மா.

நானும் குனிந்தேன். பொறுக்குவதற்கு நிறைய இருந்தது.

ஸ்டெல்லாவின் படம் தேறியது. எட்டடிக் கூரை. டிக்கெட் வாங்கும்போது கூடையை இறக்கிவைக்க ஜன்னலோரம் ஒரு கல்மேடை. உயரம் காட்டுவதற்கு, தலையில் கூடையோடு ஒரு பெண் உருவம். நிற்கிற தோரணை அச்சாக என் அம்மா. மூலையில் ஸ்டெல்லாவின் பெயர்.

இப்போது வீட்டில் நான் ஒரு பீரோ வாங்கப் போனாலும் அண்ணன் கேட்பது ஒன்றே: "கூடையோட அளந்தியா?" போன மாதம் என்னைப் பெண் பார்க்க வந்தவர் நல்ல உயரம். அவர் வாசல்படி தாண்டுவதற்குள் அதே கேள்வி.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா எங்களுக்கு மத்தி சமைக்கிறாள். வஞ்சிரம் ஸ்டெல்லா வீட்டுக்குப் போகிறது. நான்தான் தலையில் தூக்கிக்கொண்டு போகிறேன். டிக்கெட் வாங்க ஸ்டெல்லாவின் கூரைக்கு அடியில் எத்தனை நிமிர்ந்து நடந்தாலும் கூடை எங்கும் இடிப்பதில்லை. அதைத்தான் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.