மெர்வை மட்டும் கொத்தும் பறவை

மறுபடியும் தலையில் கொத்து விழுந்ததும், மெர்வ் ஸ்வீட் பீ பூங்கொடியை அப்படியே விட்டுவிட்டு வராந்தாவுக்கு ஓடினார்.

"இன்னிக்குமா?" ஜன்னலுக்கு உள்ளிருந்து கேட்டாள் மனைவி நோரீன்.

"என்னை மட்டும்தான் கொத்துது. பக்கத்து வீட்டு கீத் அங்கே சாவகாசமா தண்ணி ஊத்திட்டிருக்கான். அவன் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கல."

"மேக்பைப் பறவை ஆளை மறக்காது. நீ ஏதாவது பண்ணியிருப்பே."

"நான் என்ன பண்ணேன்? வணக்கம் சொல்லாததுதான் குறை."

செப்டம்பர் பிறந்து, ஆஸ்திரேலியாவில் வசந்தம் தொடங்கிவிட்டது. டூவூம்பாவில் வீட்டுக்கு வீடு முன்வாசல் பூத்துக் கிடந்தது. சனிக்கிழமை தோட்டப் போட்டிக்கு நடுவர் வருகிறார். வருடா வருடம் முதல் பரிசு கீத்துக்கு, இரண்டாவது மெர்வுக்கு. இந்த வருடம் மெர்வின் ஸ்வீட் பீ கூரையைத் தொட்டு மணக்கிறது. ஆனால் பாத்தியெல்லாம் களை. பேன்சிச் செடிகளில் வாடிய பூக்கள் கிள்ளாமல் தொங்குகின்றன. ரோஜாவுக்கு எலும்புத்தூள் உரம் போடவில்லை. குனிந்தால் போதும், யூகலிப்டஸ் மரத்துக் கூட்டிலிருந்து அந்தக் கறுப்பு வெள்ளைப் பறவை அம்பு மாதிரி இறங்குகிறது.

ஊரில் எல்லாரும் செய்வதை மெர்வும் செய்தார். தோட்டத்தில் எப்போதும் போடும் தன் பச்சைத் தொப்பியின் பின்புறம் இரண்டு பெரிய கண்களை வரைந்தார். பறவை முன்புறமாக வந்தது.

தொப்பிக்கு மேல் ஐஸ்கிரீம் டப்பாவைக் கவிழ்த்துக்கொண்டார். அதில் வழுக்கிய பறவைக்குப் பயந்து அவர் துள்ள, கொடி ஏறிய தட்டி சாய்ந்து அவர் தோளில் உட்கார்ந்தது.

"கொழுகொம்பா நீயே நின்னுட்டியா?" வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார் கீத். "அப்படியே நில்லுய்யா. புதுமைக்குத் தனி மார்க் உண்டு."

தட்டியை நிமிர்த்திக் கட்டிவிட்டு, சமாதானமாகப் போகலாம் என்று கொத்துக்கறி வைத்தார். பறவை தின்றது. போய்த் தன் ஜோடியையும் அழைத்து வந்தது. ஒன்று மெர்வைத் துரத்த, மற்றது மிச்சக் கறியைத் தேடிப் பேன்சிப் பாத்தியைக் கிளறியது.

சனிக்கிழமை காலை மெர்வ் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"என் பூப்போட்ட கவுனை மாட்டிக்கோ. என் வைக்கோல் தொப்பியும் போட்டுக்கோ," என்றாள் நோரீன். "என்னை அது ஒண்ணும் பண்றதில்ல."

"ஏன்?"

"நான் நல்லவ."

வேறு வழியில்லை. கவுன் தோளில் பிடித்தது, இடுப்பில் காற்றாடியது. ஆனால் பறவை கிளையில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தது. மெர்வ் களை பறித்தார், பூக்களைக் கிள்ளினார், எலும்புத்தூள் தூவினார். கடைசி ரோஜாவின் அடியில் மண்ணை அணைக்கும்போது, நேரத்துக்கு முன்பே நடுவரம்மாவின் கார் வந்து நின்றது.

ஓட வழியில்லை. தொப்பியைக் கழற்றலாம் என்றால், மேலே பறவை.

"இது உங்க கைவேலையாம்மா?"

"ஆமாங்க," என்றார் மெர்வ் கீச்சுக் குரலில்.

"போன வருஷம் ஒரு பெரியவர் பின்னாலேயே வந்து புலம்பிட்டிருந்தாரே?"

"அவர்... இப்ப தோட்டத்துப் பக்கம் வர்றதில்ல."

"பார்த்தாலே தெரியுது," என்று சொல்லி, முதல் பரிசின் நீல ரிப்பனை அவர் கவுனில் குத்திவிட்டுப் போனார் நடுவரம்மா. வேலிக்கு அந்தப் பக்கம் கீத் சிரித்துச் சிரித்துத் தண்ணீர்க் குழாயைத் தன் பூட்ஸுக்குள்ளேயே பிடித்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை கடிதம் கொண்டுவந்த தபால்காரப் பெண் டானாவிடம் மெர்வ் ரிப்பனைத் தூக்கிக் காட்டினார். "ஜெயிச்சுட்டேன். ஆனா அந்தப் பறவைக்கு என் மேல அப்படி என்ன கோபம்னுதான் கடைசி வரைக்கும் புரியல."

டானா ஜன்னலை ஒருமுறை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"காலையில வேலைக்குப் போறப்ப நான் பார்க்கிறதுதான். நீங்க எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி, பூனைச் சாப்பாட்டைத் திருட வர்ற அந்தப் பறவையை நோரீன் தினமும் துடைப்பத்தோட விரட்டுறாங்க, மெர்வ். 'ஆளை ஞாபகம் வச்சுக்குமே, எனக்கெதுக்கு வம்பு'ன்னு உங்க பச்சைத் தொப்பியைப் போட்டுக்கிட்டு."