முழங்கை நீங்கலாக க்ஷேமம்

வல்லத்திராக்கோட்டை,
தாரண வருஷம், ஐப்பசி.

கோட்டைப்பட்டினத்தில் மளிகைக் கடை நடத்திவரும் மாப்பிள்ளை சிரஞ்சீவி ஆத்மநாதனுக்கு உன் அத்தான் சிவசாமி அனேக ஆசீர்வாதம். இவ்விடம் நானும் உன் அக்காள் பிரகதாம்பாளும் க்ஷேமம், என் வலது முழங்கை நீங்கலாக. அவ்விடம் உன் க்ஷேமத்துக்கும், நிறைமாதமாயிருக்கும் உன் சம்சாரம் செங்கமலத்தின் க்ஷேமத்துக்கும் எழுதவும்.

உன் கடிதம் கிடைத்தது. செங்கமலத்துக்கும் தாய் இல்லை, உனக்கும் இல்லை, ஆகவே பிரசவத்துக்கு அக்காளை உடனே அனுப்பி வைக்கும்படி கேட்டிருக்கிறாய். நியாயந்தான். ஆனாலும் அனுப்புவதற்கில்லை. காரணத்தை முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

ஆவணியில் விராலிமலைக்கு முருகனைக் கும்பிடப் போனேன். இந்த யுத்தம் வந்ததிலிருந்து பெட்ரோல் ஏது, பஸ்ஸெல்லாம் கரியில்தானே ஓடுகிறது? திரும்பி வரும்போது ஒரு மேட்டில் வண்டி மூச்சு வாங்கி நின்றுவிட்டது. "எல்லாரும் எறங்கித் தள்ளுங்க" என்றான் கண்டக்டர். ரிட்டையரான தாலுகா குமாஸ்தா பஸ் தள்ளுவதா? நான் ஒதுங்கி நின்று, "இங்கிட்டு ரெண்டு பேர் வாங்க, அங்கிட்டுச் சாய்க்காதீங்க" என்று மேற்பார்வை பார்த்தேன். சனியன், வண்டி திடீரென்று கிளம்பிவிட்டது. தள்ளினவர்களெல்லாம் ஏறித் தொத்திக்கொண்டார்கள். மேற்பார்வை பார்த்தவன் மட்டும் பின்னால் ஓடினேன், வேட்டி தடுக்கிற்று, கையை ஊன்றி விழுந்தேன். எழுந்து பார்த்தால் முழங்கை பின்பக்கம் புடைத்துக்கொண்டு, யாருடைய கையையோ கொண்டுவந்து என் தோளில் மாட்டினாற்போல் இருக்கிறது. அந்த வலி பகையாளிக்கும் வேண்டாம், மாப்பிள்ளை.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுத்து மூட்டை இழுத்து உட்கார்த்தினார்கள். எலும்பு முறியவில்லை, நழுவியிருக்கிறது, அவ்வளவுதான். டாக்டர் விளக்கமாகச் சொன்னார்: "முழங்கை கதவுக் கீல் மாதிரிங்க. ரொம்ப நாள் கட்டியே வச்சாலும் இறுகிப் போகும், முரட்டுத்தனமா முறுக்கினாலும் வீங்கிப் போகும். கொஞ்ச நாளைக்குக் கழுத்துல துணித் தொட்டில் கட்டிக் கையத் தொங்கவிடுங்க. அப்புறம் நீங்களே தினமும் கொஞ்சம் கொஞ்சமா மடக்கி நீட்டுங்க. எண்ணெய் போட்டு நீவாதீங்க, யாரையும் இழுக்க விடாதீங்க." தலையை ஆட்டிவிட்டு ஊர் வந்து சேர்ந்தேன். பக்கத்து வீட்டு ரெங்கராஜ், "முட்டை வெள்ளைக்கருவும் உளுத்தமாவும் கொழச்சுப் பத்துப் போடுங்க மாமா" என்றான். நம் வீட்டு அடுப்படியில் முட்டையா? உன் அக்காள் துடைப்பத்தைத் தேடினாள். அவன் அத்தோடு விட்டானா? கையில் மணல் வாளியைத் தொங்கவிட்டால் தானாக நீளும் என்றான். இதில் முட்டை இல்லையே என்று நானும் தொங்கவிட்டேன். கை பலாப்பிஞ்சு மாதிரி வீங்கி, நீளவும் மாட்டேன் மடங்கவும் மாட்டேன் என்று பாதியில் நின்றுவிட்டது. மறுபடி ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். "ஆபீஸுல வேலை பாத்தவருதானே, தமிழ்லதானே சொன்னேன்" என்று டாக்டர் ஒரு பிடி பிடித்துவிட்டார். அன்றிலிருந்து அவர் சொன்னபடியே பொறுமையாக மடக்கி நீட்டி வருகிறேன். மெதுவாகத்தான் வரும் என்கிறார்.

கடிதம் மட்டும் எப்படி எழுதுகிறாய் என்று கேட்பாய். எழுதுவதற்குக் கை பாதி மடங்கினால் போதும். சோறு தின்னத்தான் முழுக்க மடங்க வேண்டும். இடது கையால் அள்ளித் தின்னச் சொல்கிறாயா? நம் ஊருணிக்கரைப் பிள்ளையாருக்கு, கை குணமானால் நூற்றெட்டுத் தோப்புக்கரணம் என்று நேர்ந்திருக்கிறேன். அதற்குக் காதைப் பிடிக்க வேண்டும், காதைப் பிடிக்கக் கை மடங்க வேண்டும். ஆகவே அவரும் காத்திருக்கிறார். மூன்று வேளையும் உன் அக்காள்தான் எனக்கு ஊட்டிவிடுகிறாள்.

உள்ளதைச் சொல்கிறேன். கலியாணமாகி இருபத்தெட்டு வருஷம். நான் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவள் உட்காருவாள். "கொழம்பு ஊத்தட்டா?" "போதும்." இவ்வளவுதான் எங்கள் பேச்சு. மகளையும் கட்டிக்கொடுத்த பிறகு அதுவும் குறைந்துபோயிற்று. இப்போது அவள் எதிரே உட்கார்ந்து உருட்டி உருட்டித் தருகிறாள். என் வாயில் சோறு இருப்பதால் மேற்பார்வை பார்க்க வழியில்லை, அவள் பேசுகிறாள். அடேயப்பா, என்ன பேச்சு! ரெங்கராஜ் மாதிரியே நடித்துக் காட்டுகிறாள், எனக்குப் புரையேறிவிடுகிறது. அவளுடைய இடது புருவத்தில் ஒரு தழும்பு இருக்கிறது. எப்போது பட்டது என்று கேட்டேன். சின்ன வயதில் நீ கிட்டிப்புள் அடித்துப் பட்டதாம். "கலியாணத்தன்னைக்கே இருந்துச்சுங்க" என்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, மாப்பிள்ளை. இத்தனை வருஷம் நான் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன்? அவள் போய்விட்டால் இந்த வீட்டில் எனக்குச் சோறு இறங்காது. கை குணமாகட்டும், பார்க்கலாம்.

செங்கமலத்துக்குச் சுகப்பிரசவமாக அம்பாள் துணையிருப்பாள். அவளுக்கும் என் ஆசீர்வாதத்தைச் சொல்லவும். இந்தக் கடிதத்தை உன் அக்காள்தான் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டித் தபாலில் சேர்ப்பாள். என் கூட்டெழுத்து அவளுக்கு விளங்காது, கவலைப்படாதே.

இப்படிக்கு,
சிவசாமி

பின்குறிப்பு, அக்கா எழுதுறது: தம்பி, எனக்கு வெளங்காதாம்ல! இத்தன வருசமா இவுக கடுதாசி எல்லாத்தையும் படிச்சிட்டுத்தான் ஒட்டுறேன். போன வெள்ளிக்கெழம விடியக்காலம் ஊருணிக்குத் தண்ணிக்குப் போனேன். பிள்ளையாருக்கு முன்னால ஒங்க அத்தான், ரெண்டு கையாலயும் ரெண்டு காதையும் இறுக்கிப் புடிச்சுக்கிட்டு, ஒக்காந்து ஒக்காந்து எந்திரிக்கிறாக. சாமிகிட்ட மட்டும் பொய் சொல்ல மனசு வரல போல. நானும் கொடத்தோட மரத்துக்குப் பின்னால நின்னு முடியிற வரைக்கும் பாத்தேன். வீட்டுக்கு வந்து, கை தூக்க முடியலன்னு வாயத் தொறந்தாக. ஊட்டிவிட்டேன்.

செங்கமலத்தப் பயப்படாம இருக்கச் சொல்லு, நாளக்கழிச்சு பஸ்ஸுல வாரேன். அவுகளையும் கூட்டிக்கிட்டுத்தான் வாரேன். கை சரியாப் போனது எனக்குத் தெரியும்னு மட்டும் நீ மூச்சு விட்டுறாத. அங்கிட்டும் நாந்தான் ஊட்டணும். எனக்கும் பேச ஒரு ஆளு இப்பத்தாண்டா கெடச்சிருக்கு.