வீட்டுக்கு வந்த மெக்கானிக்

எனக்கு ரிப்பேர் வேலை தெரியும். இந்த ஒரு விஷயம் மனைவி காதில் விழாமல் இருபத்திரண்டு வருடம் காப்பாற்றினேன்.

கல்யாணமான முதல் மாதமே இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுவந்து நீட்டினாள். உட்கார்ந்து யோசித்தேன். இன்றைக்கு இஸ்திரிப் பெட்டி என்றால் நாளைக்கு மின்விசிறி, அடுத்த நாள் குழாய். அப்புறம் ஆயுள் முழுக்க எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருக்காது. ஆகவே ஒயரை வேண்டுமென்றே மாற்றி மாட்டிக் கொடுத்தேன். ஃபியூஸ் போய் வீடே இருண்டது. "இனிமே ஸ்க்ரூ டிரைவர் பக்கமே போகாதீங்க" என்று கும்பிடாத குறையாகச் சொன்னாள். போகவில்லை. வீட்டில் எது கெட்டாலும் அருகில் நின்று கவலையோடு பார்ப்பேன். பார்ப்பதோடு சரி. குளியலறைக் குழாய் சொட்டியது, தாழ்ப்பாள் தொங்கியது, நான் செய்தித்தாளில் வரி விளம்பரம்வரை விடாமல் படித்தேன்.

இப்படிப்பட்டவனுக்குச் சேவை செய்யும் புத்தி எப்படி வந்தது என்று கேட்கலாம். சேவையாவது ஒன்றாவது, கை துறுதுறுத்தது, அவ்வளவுதான். எங்கள் தெருக்கோடியில் ஓய்வுபெற்ற நர்ஸம்மா ஒருவர் ஒரு கொட்டகை நடத்துகிறார். சக்கர நாற்காலி, வாக்கர், ஊன்றுகோல் எல்லாம் வேண்டியவர்களுக்கு இரவலாகக் கொடுப்பார். கெட்டுப்போய்த் திரும்பி வருகிறவற்றைச் சரிபண்ண ஆள் தேவை, சம்பளம் கிடையாது என்று வாசலில் பலகை தொங்கியது. சம்பளம் கிடையாது என்பதால் போட்டியும் கிடையாது. உடனே சேர்த்துக்கொண்டார்.

முதல் நாள் ஒரு ரிட்டயர்டு டீச்சரின் நாற்காலி வந்தது. நேராகத் தள்ளினால் இடதுபக்கச் சுவரைத் தேடிப் போகிறது. முன்சக்கரத்தைக் கழற்றினேன். அச்சில் ஒரு பிடி தலைமுடி சுற்றியிருந்தது. வெட்டியெடுத்து, கிரீஸ் வைத்து, திரும்ப மாட்டினேன். டீச்சர் யாரும் தள்ளாமல் வாசல்வரை போனார். வந்தார். மறுபடி போனார். மூன்றாவது தடவை போனபோது நானும் பின்னாலேயே நடந்தேன். சந்தோஷம்தான். வீட்டில் படித்த எந்தச் செய்தித்தாளும் அதைத் தந்ததில்லை.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தவறவில்லை. வீட்டில் மட்டும் வேறு கதை.

"அங்க போய் என்னங்க பண்றீங்க?"

"ரெஜிஸ்டர் எழுதறேன்."

"அதுக்கு மூணு மணி நேரமா?"

"நிறைய நாற்காலிம்மா."

"பாவம், கை வலிக்குமே."

நம்பிவிட்டாள் என்று நினைத்தேன். அப்படி அவள் எதுவும் சொல்லவில்லை, நான்தான் நினைத்தேன்.

ஐந்து மாதம் நன்றாகப் போயிற்று. ஒருநாள் என் மாமனார் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார்.

"அப்பாவ இங்க கூட்டிட்டு வரேங்க. ரெண்டு மாசம்" என்றாள் மனைவி.

"தாராளமா."

"உங்க நர்ஸம்மாகிட்ட நாற்காலிக்கு எழுதிக் குடுத்துட்டேன்."

"என்கிட்ட சொல்லியிருந்தா நானே எடுத்துட்டு வந்திருப்பேனே."

"அப்படிச் சும்மா குடுக்க மாட்டாங்களாமே. முதல்ல ஒருத்தர் வந்து வீட்டைப் பார்ப்பாராம். எது இடிக்கும், எது வழுக்கும், எது உடைஞ்சிருக்குன்னு பார்த்து அவரே சரி பண்ணிடுவாராம். அப்புறம்தான் நாற்காலி."

எனக்குத் தெரியாதா? அந்த விதியை நர்ஸம்மாவைப் போடவைத்தவனே நான்தான். நான் சரிசெய்து அனுப்பிய நாற்காலியை யாரோ வாசற்படியில் இடித்து ஒரே வாரத்தில் சக்கரத்தை வளைத்துவிட்டார்கள். அந்த ஆத்திரத்தில் கொட்டகையில் நின்று ஒரு பிரசங்கமே செய்தேன். வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் வேலையும் என் தலையிலேயே விழுந்தது.

"யாரோ ஒருத்தர் இருக்காராம், தங்கமான கையாம். ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வராராம். நீங்க கூட இருந்து எடுத்துக் குடுங்க."

"எனக்கு ரெஜிஸ்டர் இருக்கே."

"அட, ஆமால்ல. நானே பார்த்துக்கறேன்."

கொட்டகைக்கு ஓடினேன்.

"நர்ஸம்மா, ஞாயித்துக்கிழமை பத்து மணி வீட்டுக்கு வேற யாரையாவது அனுப்புங்க."

"யாரை அனுப்ப? உங்களை விட்டா இங்க ரெண்டே பேர். தையல்காரர் சீட்டுத் துணி மட்டும்தான் தைப்பார். போஸ்ட்மேனுக்குக் குனிஞ்சா நிமிர முடியாது. நீங்கதான் போகணும்."

"அது என் வீடு."

"நல்லதாப் போச்சு. வழி சொல்ல வேண்டாம்" என்று வேலை விவரம் எழுதும் அட்டையை என் கையில் வைத்தார்.

போகாவிட்டால் மாமனார் கட்டிலோடு கிடக்க வேண்டும். போனால் இருபத்திரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகள் அன்றோடு முடிந்தன. மாமனார் நல்ல மனிதர், அதுதான் கஷ்டம்.

ஞாயிறு காலை ரெஜிஸ்டர் எழுதக் கிளம்பினேன். கொட்டகையில் கருவிப் பையை எடுத்துக்கொண்டு, என் வீட்டு வாசலிலேயே வந்து நின்றேன். 'போன வாரம்தான் கற்றுக்கொண்டேன்' என்று மனதுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு மணியை அடித்தேன்.

கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள்.

"வாங்க சார். பத்துன்னா பத்துக்கே வந்துட்டீங்களே."

"அது வந்து, நான் போன வாரம்தான்..."

"செருப்பை இப்படி விடுங்க. என் வீட்டுக்காரர் வெளிய போயிருக்கார். இருந்தாலும் பிரயோஜனம் இல்ல சார், அவருக்கு ஆணி அடிக்கக்கூடத் தெரியாது."

எந்தப் பொய்யையும் சொல்ல இடம் வைக்கவில்லை. மெக்கானிக்காகவே உள்ளே போனேன்.

குழாய் சொட்டித் தரை வழுக்குகிறது, அப்பா விழுந்துவிடுவார் என்றாள். மாற்றினேன். தாழ்ப்பாளை இறுக்கினேன். வாசற்படிக்குச் சரிவுப் பலகை அடித்தேன். அதுவரை நியாயம்தான். அடுத்து பரணைக் காட்டினாள்.

"பரண் கதவா? சக்கர நாற்காலி பரண்ல ஏறாதும்மா."

"மேல இருந்து சாமான் அவர் தலையில விழுந்தா?"

ஏணி போட்டு ஏறினேன். இறங்கியபோது தையல் மெஷின் காத்திருந்தது.

"இது எதுக்கு?"

"கட்டுப் போட்ட காலுக்குப் பேண்ட்டைப் பிரிச்சுத் தைக்கணும் சார்."

நடுவில் டீ வந்தது. தட்டில் வைத்து, பக்கத்தில் பிஸ்கட்டோடு வந்தது. கணவனாக இருந்தவரை அந்தத் தட்டை நான் பார்த்ததே இல்லை.

"சர்க்கரை போதுமா சார்? உங்க சம்சாரம் குடுத்து வச்சவங்க. எங்க வீட்டுக்காரர் உங்க இடத்துலதான் ரெஜிஸ்டர் எழுதறார். அஞ்சு மாசமா வாராவாரம் சட்டைக் கையெல்லாம் கிரீஸ். எந்தப் பேனால எழுதறாரோ தெரியல."

எனக்குப் புரையேறியது. "பார்த்து சார்" என்று தலையில் தட்டினாள். கொஞ்சம் பலமாகவே தட்டினாள். எனக்குக் கோபம் வரவில்லை. வெட்கமாக இருந்தது.

மூன்று மணிக்கு வேலை முடிந்தது. அட்டையின் அடியில் வீட்டில் இருப்பவர் கருத்து எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நீட்டினேன். நின்று நிதானமாக எழுதினாள். நாலாக மடித்தாள்.

"நர்ஸம்மாகிட்ட குடுத்துடுங்க சார். பிரிக்காதீங்க."

தெரு முனை திரும்பியதும் பிரித்தேன்.

'வேலை சுத்தம். பேச்சும் மரியாதை. இவரை எல்லா ஞாயிற்றுக்கிழமையும் எங்கள் வீட்டுக்கு அனுப்பிவைக்கவும். ரெஜிஸ்டர் எழுதுகிறவரை நீங்களே வைத்துக்கொள்ளவும்.'